கதிர்காமப் பாதயாத்திரைக்குப் போன் எதற்கு?

மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சானில் பெரியம்மா விறாந்தையில் பாய் விரித்து, யாத்திரைச் சாமான்களை வரிசையாக வைத்திருந்தார். இரண்டு சேலை, ஒரு துவாய், விரிக்கவும் போர்க்கவும் ஒரு பெட்சீட், தட்டு, திருநீற்றுப் பை, சீனி வருத்தக் குளிசை, ரோச் லைட், தண்ணீர்ப் போத்தல். பாய்க்கு வெளியே, தனியாக ஒரு பட்டன் போன் கிடந்தது. அதைப் பைக்குள் வைக்கவும் அவருக்கு மனமில்லை, வீட்டில் விடவும் மனமில்லை. "கந்தனைக் கும்பிடப் போறதா, கதைச்சுக்கொண்டு போறதா, நீயே சொல்லு தம்பி" என்றார். உள்ளேயிருந்து மகள், "போன் இல்லாம உங்கள விடமாட்டன் அம்மா" என்றாள்.

மகளின் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. 2006 ஏப்ரலில் ஷெல்லும் குண்டும் விழுந்து மூதூர் கிழக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது, யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாமல் தவித்த குடும்பங்கள் எத்தனையோ. பிறகு, இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனம் ஆண்டுக்கணக்காக இருந்த முகாம்களில் ஒன்று எங்கள் ஊரிலேயே இருந்தது. ஆள் எங்கே என்று தெரியாத ஒரு நாள் எங்களுக்கு மிக நீண்ட நாள்.

அதனால் பெரியம்மாவிடம் போனைக் கொண்டு போகத்தான் சொன்னேன். ஆனால் எங்கே அது உதவும், எங்கே உதவாது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இந்தப் பாதையில் அந்த எல்லைக்கு ஒரு பெயர் உண்டு: உகந்தை.

யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்படுகிறவர்கள் ஒன்றரை மாதத்துக்கும் மேலாக நடக்கிறார்கள். திருகோணமலை, மூதூர், வெருகல், வாகரை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று ஊருக்கு ஊர் கோயில், ஊருக்கு ஊர் ஆட்கள். இந்தத் துண்டில் சிக்னல் பெரிய பிரச்சினை இல்லை. காய்ச்சலோ கால் சுளுக்கோ வந்தால் 1990க்கு அடித்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வரும். பொலிஸுக்கு 119. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. விடியப்புறம் இருட்டோடு நடக்கும்போது வீதியோரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நடக்கக் கூடாது. பின்னால் வரும் லொறிக்காரனுக்கு உங்களைத் தெரியாது. இரவு தங்கும் கோயில் மடத்தில் ஒரு பிளக் இருக்கும், நாற்பது போன் இருக்கும். ஒரு குழுவுக்கு ஒரு மல்டி பிளக் வயர் கொண்டு போனால் பாதிச் சண்டை குறையும்.

பாணமையைத் தாண்ட சிக்னல் குறையத் தொடங்கும். உகந்தை முருகன் கோயிலுக்கு அப்பால் கூமுனைத் தேசிய வனம். யாத்திரைக்காகக் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் திறக்கும் அந்தப் பாதையில் கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று நான்கைந்து நாள் நடை. யானையும் கரடியும் சிறுத்தையும் உள்ள காடு. தண்ணீர் கிடைக்கும் இடங்களும் எண்ணி வைத்தவைதான்.

காட்டில் போன் ஏன் செத்துப்போகிறது? சிக்னல் கோபுரம் பக்கத்தில் இருந்தால் போன் மெல்லக் கதைத்தாலே கேட்கும். தூரமாகத் தூரமாக, நடுவே மரமும் மேடும் வர, அது கத்திக் கதைக்க வேண்டும். கோபுரமே கிடைக்காவிட்டால் எங்கே எங்கே என்று ஓயாமல் தேடும். நீங்கள் தொடாமலே, பைக்குள் கிடந்தபடியே சார்ஜ் இறங்குவது இதனால்தான். உகந்தையில் நிறைந்திருந்த பேட்டரி அடுத்த நாள் பின்னேரம் வெறுமையாகி நிற்கும், ஆள் ஒரு கோல்கூட எடுத்திருக்க மாட்டார்.

ஆகவே காட்டுக்குள் கால் வைக்கும் முன்பே போனை நிறுத்திவிடுங்கள். டச் போன் வைத்திருப்பவர்கள் பிளைட் மோடில் போட்டாலும் போதும். அதிலே பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு: ஜிபிஎஸ் என்பது செய்மதியிலிருந்து வரும் சமிக்ஞையைக் கேட்பது மட்டும்தான். போன் எதையும் அனுப்பத் தேவையில்லை, சிம்மும் தேவையில்லை. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருந்தால், சிக்னலே இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் புள்ளி தெரியும். டேட்டா இல்லாதபோது கொஞ்சம் சுணங்கும். மர நிழலை விட்டு வெளியில் வந்து சில நிமிடம் பொறுக்க வேண்டும். புள்ளியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். இந்தக் காட்டில் ஒன்று 6இல் தொடங்கும், மற்றது 81இல் தொடங்கும். ஆபத்தென்றால் பிளைட் மோடை எடுத்துவிட்டு அந்த இரண்டையும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். கோல் எடுக்க நிலையான சிக்னல் வேண்டும். எஸ்எம்எஸ் கொஞ்ச நேரம் சிக்னல் கிடைத்தாலே போய்விடும். மேடான பாறையோ கடற்கரைத் திறப்போ கண்டால் அங்கே நின்று முயலலாம். அதற்காகக் குழுவை விட்டுத் தனியே போகக் கூடாது.

குழுவுக்கு ஒரு டச் போன், ஒரு பட்டன் போன் இருந்தால் காட்டுக்குப் போதும் என்பது என் எண்ணம். பவர் பேங்கில் 10,000 என்று போட்டிருந்தாலும் ஏற்றும்போது வீணாவது போக, 5,000 உள்ள போனை ஒரு தடவையும் இன்னொரு பாதியும் நிரப்பினால் நல்லது. வெயிலில் வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டாம். சூடு பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும். ஆற்றில் இறங்குமுன் இரண்டு பொலித்தீன் பையில், ஒன்றுக்குள் ஒன்றாக, வாயைக் கட்டி வையுங்கள். போன் எண்களை ஒரு கடதாசியிலும் எழுதி, அதோடு குளிசை விபரத்தையும் சேர்த்து, இன்னொரு பையில் வைக்க வேண்டும். போன் செத்தால் பிள்ளையின் எண் எத்தனை பேருக்கு மனப்பாடம்?

கெஞ்சிக் கேட்பது ஒன்று: யானையைக் கண்டால் போனை எடுக்காதீர்கள். படம் எடுக்க இரண்டு அடி முன்னால் வைக்கும் கால்தான் ஆபத்து. பிளாஷ் வெளிச்சமும் திடீரென்று அலறும் ரிங்டோனும் மிருகத்தை வெருட்டும், வெருண்ட மிருகம் உங்களோடு வரும் எல்லாருக்கும் ஆபத்து.

காட்டில் போனைவிட வழி தெரிந்த அறிவுதான் காப்பாற்றும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு பழைய கதை உண்டு. 1660இல் கொட்டியாரக்குடாவில் கப்பல் நின்றபோது பிடிபட்ட ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் 19 வருடம் சிறையிருந்தான். அவன் பிடிபட்ட இடம் என்று மூதூர்ப் பக்கத்தில் ஒரு புளியமரத்தைச் சொல்வார்கள். 1679இல் கூட்டாளி ஒருவனோடு தப்பி, மல்வத்து ஓயாவைப் பிடித்துக் காட்டுக்குள்ளால் நடந்து அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். வியாபாரி போலத் திரிந்து, வருடக்கணக்காக வழி விசாரித்து வைத்திருந்ததுதான் அவனைக் காப்பாற்றியது. உகந்தைக்கு அப்பால் நீங்கள் நம்பி நடப்பதும் அதே மாதிரியான அறிவைத்தான்: முன்னால் பலமுறை நடந்த குழுத் தலைவருக்கு எந்த மடுவில் தண்ணீர் இருக்கும், எந்த நேரத்தில் எங்கே தங்க வேண்டும் என்பது தெரியும்.

வீட்டாரோடு செய்ய வேண்டிய ஒப்பந்தம் எல்லாவற்றிலும் முக்கியம். தினமும் கோல் எடுப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு நாள் தவறினால் வீடு சாப்பிடாமல் கிடக்கும். இன்ன இடத்தில் மட்டும் கோல் எடுப்பேன், உகந்தையில் கடைசிக் கோல், அதற்குப் பிறகு இத்தனை நாள் சத்தம் வராது, அது கடந்தால் மட்டும் இன்ன ஆளுக்குச் சொல்லுங்கள் என்று நாளை எண்ணிக் கொடுங்கள். சிக்னல் வராத காட்டில் இந்தக் கணக்குத்தான் உங்களைத் தேட வைக்கும்.

பெரியம்மா அப்படித்தான் செய்தார். வெருகலில் ஒன்று, மண்டூரில் ஒன்று, உகந்தையில் ஒன்று. உகந்தைக் கோல் ஒரு நிமிடம்கூட இல்லை: "நாளைக்குக் காடு மகள். போனை நிப்பாட்டுறன். ஆறு நாள் பொறு." மகள் கலண்டரில் ஆறு கட்டங்களுக்குப் பென்சிலால் வட்டம் போட்டாள். ஐந்தாவது வட்டத்து நாளில், மத்தியானச் சோறு போட்டுக்கொண்டிருக்கையில் போன் அடித்தது. பின்னால் கதிர்காமத்துக் கோயில் மணி கேட்டது. "மாட்டுக்குத் தண்ணி வச்சனியா?" என்றுதான் பெரியம்மா முதலில் கேட்டார்.