கைத்தொலைபேசிக்குக் கைவைத்தியம்

தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவதில் ஒரு நியாயம் உண்டு. தாழ்நிலத் தோட்டங்களில் செடி விரைந்து வளர்வதால் அங்கே கவ்வாத்துச் சுற்றுக் குறுகியது. நுவரெலியாவின் குளிரிலே செடி மெல்லத் தழைப்பதால் இங்கே அச்சுற்று நீண்டது. 1925 ஆம் ஆண்டில் தோன்றி, இன்று தலவாக்கலையில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் மலையின் உயரத்துக்கு ஏற்ப வேறுபடுத்தியே ஆலோசனை கூறுகிறது. இரத்தினபுரிக்குச் சொன்ன முறையை ஹற்றனில் அப்படியே கையாளுவாரை நாம் அறிவாளி என்று சொல்லமாட்டோம். ஆயினும், கைத்தொலைபேசி விஷயத்தில் நம்மிற் பலர் இதே தவற்றைத் தயக்கமின்றிச் செய்துவிடுகிறோம்.

நமது லயங்களில் பல வீடுகளுக்கு ஒரே கைத்தொலைபேசிதான். கொழும்பில் வேலைபார்க்கும் மகனின் குரல் அதன் வழியே வருகிறது. வங்கிக் கணக்கின் விபரமும், பிள்ளையின் பாடக் குறிப்பும், இறந்துபோன பாட்டியின் ஒரே படமும் அதிலேதான் இருக்கின்றன. 2020 ஆம் ஆண்டில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபொழுது, அலைவரிசை கிடைக்கும் மேட்டைத் தேடி மாணவர் ஏறியதும் இக்கருவியைக் கையில் ஏந்தியே. இத்தகைய பொருள் பழுதாகுமானால் நின்றுபோவது ஓர் இயந்திரம் மட்டுமன்று.

கருவி பழையதாகிறது, வேகம் குறைகிறது, உற்பத்தி செய்தவர் புதிய மென்பொருள் அனுப்புவதை நிறுத்திவிடுகிறார். அவ்வேளையில் இணையத்திலே ஒருவர், "பத்தே நிமிடத்தில் உங்கள் தொலைபேசியைப் புதிதாக்கலாம்" என்று காணொளியிற் கூறுகிறார். ஆசை எழுவது இயல்பே, அதைக் குறைகூறுவதற்கில்லை. ஆரம்பகால அன்ட்ரொய்ட் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துக்கள் வெறுங் கட்டங்களாகவே தெரிந்தன. அந்நாளில் தமிழர் பலர், தாய்மொழியை வாசிக்கும் பொருட்டே தொலைபேசியின் உள்ளமைப்பைத் திறந்து எழுத்துருவைப் புகுத்தினர். தேவை நியாயமானதே, வழியிலேதான் பள்ளம் இருக்கிறது.

அப்பள்ளம் யாது என்று பார்ப்போம். தொலைபேசியின் விசையை அழுத்தியவுடன் முதலில் விழித்தெழுவது பூட்லோடர் எனும் ஒரு சிறு நிரல். அது தொழிற்சாலை வாசலில் நிற்கும் காவற்காரனைப் போன்றது. உள்ளே வரும் மென்பொருள் உற்பத்தியாளரின் முத்திரை பெற்றதுதானா என்று பார்த்த பின்னரே அது வழிவிடும். வேறு மென்பொருளை ஏற்றவேண்டுமாயின் முதலில் இக்காவலை நீக்கவேண்டும். நீக்கும் அக்கணத்தில், பெரும்பாலான கருவிகளில் உள்ளிருக்கும் படங்கள், இலக்கங்கள், செய்திகள் யாவும் அழிந்துவிடும். திருடன் பூட்டை உடைத்து அவற்றைப் படித்துவிடாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அறியாது திறப்பவருக்கும் அதே கதிதான்.

அடுத்தது, பெயர் ஒன்று, பொருள் வேறு என்ற சிக்கல். 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த சாம்சங் கெலக்ஸி எஸ்-9 என்ற ஒரே பெயருடைய தொலைபேசி, அமெரிக்காவில் ஒருவகை மூளைச் சில்லுடனும், வேறு பல நாடுகளில் இன்னொருவகைச் சில்லுடனும் விற்பனையாயிற்று. ஒன்றுக்கென எழுதப்பட்ட மென்பொருள் மற்றொன்றுக்குப் பொருந்தாது. பொருந்தாததை வலிந்து ஏற்றினால் கருவி விழிக்காமலே கிடக்கக்கூடும். அவ்வாறு கிடப்பதை இத்துறையினர் "செங்கல்லாயிற்று" என்கின்றனர்.

காலமும் ஒரு பகையே. முன்பு சரியாயிருந்த ஆலோசனை இன்று நஞ்சாகலாம். 2018 இல் ஷாவ்மி நிறுவனம் தனது சில கருவிகளில், பழைய மென்பொருளுக்குத் திரும்புவதைத் தடுக்கும் காவலொன்றை அமைத்தது. அதனை அறியாது பழைய குறிப்புகளைப் பின்பற்றியோர் சிலரின் தொலைபேசிகள் செயலிழந்தன. 2022 இல் கூகுளின் பிக்சல்-6 வகையும், அன்ட்ரொய்ட் 13 ஐ ஏற்றபின் 12 க்குத் திரும்ப இயலாதவாறு அமைக்கப்பட்டது. பழைய காணொளியோ இன்றும் அழியாமல் நின்று, புதிதாய் வருவோருக்கும் அதே பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கருவி பிழைத்துக்கொண்டாலும் வேறொரு நட்டம் காத்திருக்கிறது. காவல் நீங்கிய தொலைபேசியில் வங்கிச் செயலிகள் பல இயங்க மறுக்கும். சாம்சங் கருவிகள் பலவற்றில் நொக்ஸ் என்னும் பாதுகாப்பு அடையாளம் ஒருமுறை முறிந்தால் மீண்டும் ஒட்டாது. இவற்றினும் கொடியது, உதவி என்ற பெயரில் வரும் வஞ்சகம். வட்ஸ்அப் செயலியை மாற்றியமைத்த எஃப்எம்-வட்ஸ்அப் என்னும் வடிவமொன்றில் டிரையாடா என்னும் தீய நிரல் மறைந்திருந்ததை 2021 இல் கஸ்பர்ஸ்கி ஆய்வாளர் கண்டறிந்தனர். கூடுதல் வசதியை விரும்பியவர் வீட்டுக்குள்ளே கள்வனைத் தாமே அழைத்து வந்தவராயினர்.

அப்படியானால், அவ்வாலோசனையைப் பாராட்டி நூற்றுக்கணக்கானோர் எழுதுவது ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். விடை எளியது. வெற்றிபெற்றவர் தம் தொலைபேசியிலிருந்தே நன்றி எழுதுகிறார். தோற்றவரின் தொலைபேசி செத்துக் கிடக்கிறது. அவர் எதிலிருந்து எழுதுவார்? ஆகவே, பாராட்டின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் உண்மையை அளத்தல் ஆகாது.

இதனால் எல்லா மாற்றமும் தீது என்று எண்ணிவிட வேண்டியதில்லை. 2016 இல் தொடங்கிய லினியேஜ் ஓ.எஸ். போன்ற பொதுப் பணிகள், கருவிகளை மாதிரி மாதிரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறிப்பை வெளியிடுகின்றன. அத்தகைய இடத்தில் உங்கள் கருவியின் மாதிரி இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் மட்டுமே மேலே செல்லலாம். ஓரெழுத்து வேறுபட்டாலும் நிறுத்திவிடுக.

தொடங்குவதற்கு முன் செய்யவேண்டியவை சில. படங்களையும் இலக்கங்களையும் வேறிடத்திற் பிரதிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைத் தாளில் எழுதிவையுங்கள். குறிப்பு எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். மின்கலத்தை நிறைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் நம் மலைகளில், மேசைக் கணினியுடன் கம்பி தொடுத்து இவ்வேலை செய்யும்போது இடையில் மின்சாரம் போனால், பாதி ஏறிய மென்பொருள் முழு நட்டமாகலாம். எல்லாவற்றினும் முக்கியமானது, வீட்டின் ஒரே தொலைபேசியைச் சோதனைப் பொருளாக்காதிருத்தல். பழகிப் பார்க்க விரும்பும் இளைஞர், ஒதுக்கிவைத்த பழைய கருவியொன்றைத் தேடிக்கொள்ளட்டும்.

வேகம் குறைந்தது என்பதே குறையாயின், வேண்டாத காணொளிகளையும் பயன்படாத செயலிகளையும் நீக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். கவ்வாத்துக் கத்தியை எடுக்குமுன், செடிக்குத் தேவை கவ்வாத்தா, களையெடுப்பா என்று பார்ப்பது நம் மலைகளில் வழக்கம். அவ்வழக்கத்தைக் கையிலிருக்கும் கருவிக்கும் கைக்கொள்வோமாக.