சிபில் ஸ்கோர் விமானம் ஏறாது

செப்டம்பர் கடைசியில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் வகுப்பு தொடங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் விசாவைவிடச் செல்போன் குழப்பம்தான் அதிகம். “சிபில் ஸ்கோர் நன்றாக இருக்கிறது, கணக்கில் பணமும் இருக்கிறது. பிறகு ஏன் மகளுக்குக் காண்ட்ராக்ட் போன் இல்லை என்கிறார்கள்?” என்று கேட்கிறார் ஒரு தந்தை.

இந்திய ஸ்கோர் அங்கே செல்லாது. ‘முன்பணம் 0’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அது சலுகை இல்லை. 24 மாதக் கடன். கொடுப்பதற்கு முன் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களில் ஒன்றிலாவது பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள். புதிதாக வந்த மாணவருக்குக் கெட்ட பெயர் இல்லை, பெயரே இல்லை. கணினி இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடத்துகிறது. கோபத்தில் அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று ஏறி இறங்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் சுமார் ஒரு வருடம் பதிவில் நிற்கும். ஒரே வாரத்தில் நாலு பேர் தேடியிருந்தால், ‘ஆள் பணமுடையில் இருக்கிறார்’ என்று ஐந்தாமவர் முடிவுகட்டுவார்.

பெயரை ஏற்றுவதற்கு ஒரு வேடிக்கையான வழி உண்டு: வாக்காளர் பட்டியல். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். இவற்றின் குடிமக்கள் செல்லுபடியாகும் விசாவோடு பிரிட்டனில் வசித்தால், மாணவராக இருந்தாலும் வாக்காளராகப் பதியலாம். கட்டணம் இல்லை. லண்டனிலோ லெஸ்டரிலோ பக்கத்து அறையில் இருக்கும் சீன மாணவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. (ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதி கொஞ்சம் தாராளம்.) நம்மை ஆண்டவர்கள் விட்டுப்போன உறவு, போன் வாங்கவாவது உதவட்டும்.

ஓட்டுக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்? பட்டியலில் பெயர் இருந்தால், ‘இந்த முகவரியில் இந்த ஆள் இருக்கிறார்’ என்பதற்கு அரசாங்கமே சாட்சி. அந்த முழுப் பட்டியலைக் கடன் தகவல் நிறுவனங்கள் விலைக்கு வாங்க சட்டம் அனுமதிக்கிறது. கணினிக் கோப்பாக வாங்கினால் அடிப்படைக் கட்டணம் 20 பவுண்டு, அதற்கு மேல் ஆயிரம் பேருக்கு 1.50 பவுண்டு. ‘என் பெயரை வியாபாரிகளுக்கு விற்காதே’ என்று வேக்ஃபீல்டில் ஒருவர் வழக்குப் போட்டு 2001-ல் ஜெயித்தார். அதன் பிறகு பட்டியல் இரண்டாகப் பிரிந்தது. யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லலாம். கடன் நிறுவனங்கள் வாங்கும் முழுப் பட்டியலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதிகாரிகள் இதற்கு என்ன பெயர் சொன்னாலும், வாக்குரிமைப் பதிவேடு கடன் கடைக்காரரின் பேரேடாக வேலை செய்கிறது என்பதே நடைமுறை. எனக்கு இது உறுத்துகிறது. ஆனாலும் பதியுங்கள் என்றுதான் சொல்வேன்.

நம்மவர்கள் சறுக்கும் இடம் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. வங்கியில் அப்பா பெயர் பின்னால். வாக்காளர் படிவத்தில் அதே பெயர் முன்னால். மனிதருக்கு ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். ‘ஃபிளாட் 3, 14’ என்பதும் ‘14/3’ என்பதும் அதற்கு வேறு வேறு வீடு. வங்கியில் எப்படி எழுதினீர்களோ அப்படியே எங்கும் எழுதுங்கள்.

இதெல்லாம் உடனே நடக்காது. செப்டம்பரில் பதிபவர் பெயர் பெரும்பாலும் டிசம்பர் 1 அன்று வெளியாகும் பட்டியலில்தான் வரும். அதுவரை?

ஸ்மார்ட்டி, வாக்ஸி, கிஃப்காஃப், லெபாரா போன்றவற்றில் மாதாமாதம் பணம் கட்டும் சிம். கடன் சோதனை கிடையாது.

போன்? ஊரிலிருந்தே இரண்டு சிம் போடும் போனாகக் கொண்டுபோங்கள்.

இந்திய சிம்? வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். கிளம்பும் முன் ரோமிங்கை இயக்கிவிடுங்கள்.

அங்குள்ள உறவினர் பெயரில் காண்ட்ராக்ட் எடுக்கலாமா? பில் தவறினால் கெடுவது அவர் பெயர்.

மறுத்தால்? எந்த நிறுவனத்தின் பதிவைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள், சொல்லியாக வேண்டும். அங்கே உங்கள் பதிவை இலவசமாகவே பார்க்கலாம்.

மாதத் தொகை நடுவில் ஏறுமா? ஏறலாம். 2025 ஜனவரி 17-க்குப் பிறகு போடும் காண்ட்ராக்டில் எவ்வளவு ஏறும் என்பதைப் பவுண்டு, பென்ஸ் கணக்கில் முதலிலேயே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

டிசம்பரில் காண்ட்ராக்ட் கிடைத்தே விட்டாலும், அது 24 மாதம். பிரிட்டனில் முதுகலைப் படிப்பு பெரும்பாலும் 12 மாதம். பாதியில் முறித்தால் மீதித் தவணை உங்கள் தலையில். கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள்.