சுழலாணியில் சிக்கனம் வேண்டாம்

வேலை முடிந்ததும் மண்வெட்டியைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசி வைப்பது விவசாயியின் பழக்கம். இரும்பைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் குடியேறியவர்களைப் போல, நிலத்தை இழந்து நீரை நம்ப நேர்ந்த குடும்பங்களுக்கு உப்பு நீர் வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. வயலில் பல வருடம் உழைக்கும் இரும்பு, களப்பில் வெகு சீக்கிரத்தில் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

ஏற்றி இறக்கும் ஏரா

2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, இயந்திரத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். காற்றுக்கு விலை இல்லை. ஆனால் பாய் விரித்த படகு பக்கவாட்டில் தள்ளப்படாமல் இருக்க நீருக்குள் ஒரு பலகை வேண்டும். அதுவே ஏரா. புத்தளம் களப்போ பல இடங்களில் ஓரிரு மீற்றர் ஆழமே கொண்டது. நிலையான ஏரா சேற்றிலும் கடற்புல்லிலும் தட்டும். ஆகவே தேவைப்படும்போது இறக்கி, கரைக்கு வரும்போது தூக்கக்கூடிய ஏராவே இங்கு பொருந்தும்.

இந்தப் பலகை ஒரேயொரு சுழலாணியில்தான் தொங்குகிறது. அந்த ஆணி அரித்து முறிந்தால் பலகை நழுவும்; அதன் கூடு உடைந்து படகுக்குள் நீர் ஏறும். சோளகக் காற்று வீசும் காலத்தில் இப்படி நேர்ந்தால் படகு மட்டுமல்ல, கடன்பட்டு அதை வாங்கிய குடும்பமும் தவித்துப் போகும்.

எந்த உலோகம்?

நாகம் பூசிய இரும்பு: விலை குறைவு. பளபளவென்று மின்னுவதில் பூச்சு மிக மெல்லியது. உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்தது மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும். அதுவே கூடுதல் காலம் தாங்கும்.

பித்தளை: துருப்பிடிக்காது என்று நம்பி ஏமாறுகிறோம். உப்பு நீரில் அதிலுள்ள நாகம் கரைந்து போக, இளஞ்சிவப்பான, எளிதில் நொறுங்கும் செம்பே எஞ்சும். நீருக்கடியில் இதை வைக்கக் கூடாது.

துருப்பிடிக்காத உருக்கு: எல்லாம் ஒன்றல்ல. சமையற் பாத்திரங்களில் காணும் 304 வகை கடலில் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 வகையில் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை நன்கு எதிர்க்கும். ஆனால் இந்த உருக்கைக் காக்கும் மெல்லிய படலத்துக்கு ஒட்சிசன் வேண்டும். நீர் தேங்கிய இடுக்கில் அது கிடைக்காதபோது 316 வகையும் மறைவாக அரிக்கும்.

வெண்கலம்: விலை அதிகம். ஆனால் நீருக்கடியில், இடுக்குக்குள் நெடுங்காலம் உழைக்கும்.

உலோகங்களின் பகை

இரண்டு வேறு உலோகங்கள் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டால், வலுக்குறைந்தது மற்றதற்காக அரிபடும். வெண்கலத் தகட்டில் இரும்பு ஆணி அடித்தால் ஆணி விரைவில் கரையும். ஆகவே சுழலாணி, வளையம், சுரை யாவும் ஒரே உலோகமாக இருக்கட்டும். ஏராப்பலகை இரும்புத் தகடானால் அதில் ஒரு நாகக்கட்டியைப் பொருத்துங்கள். இரும்புக்குப் பதில் அது கரையும். அதன்மேல் வர்ணம் பூசக் கூடாது. பூசினால் அது வேலை செய்யாது.

வாங்கும்போதும் பின்னரும்

1. ஆணியின் தலையைப் பாருங்கள். ஏ4 என்று பொறித்திருந்தால் 316 வகையைச் சேர்ந்தது. ஏ2 என்றால் 304 வகை.

2. காந்தத்தை நம்பாதீர்கள். சாதாரண இரும்பை அது காட்டிக்கொடுக்கும். 304, 316 இரண்டையும் பிரித்துக் காட்டாது.

3. உருக்குச் சுரையைப் பூட்டுமுன் கிரீஸ் பூசுங்கள். இல்லையேல் இறுகிப்போய்க் கழற்ற முடியாது.

4. ஏராவைத் தூக்கக் கம்பிக்குப் பதில் நைலோன் கயிறு போடலாம். துருவும் இல்லை, தேய்மானமும் கண்ணுக்குத் தெரியும்.

5. வருடத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றிச் சுழலாணியைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் மெலிந்திருந்தாலோ குழி விழுந்திருந்தாலோ உடனே மாற்றுங்கள்.

கையில் பணம் குறைவென்றால் எங்கே செலவிடுவது? மேலே, கண்ணில் படும் இடங்களில் நாகம் பூசிய இரும்பே போதும். துரு ஏறினால் தெரியும், மாற்றலாம். கண்ணுக்குத் தெரியாமல் நீருக்குள் இருக்கும் சுழலாணிக்கே நல்ல உலோகம் வேண்டும். வர்ணத்தில் மிச்சம் பிடியுங்கள்; சுழலாணியில் வேண்டாம்.