கூலி கைக்கு வருமுன் நோய்க்கு ஒரு பங்கு

தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். ஆனால் நோய், கூலியைக் கேட்டு வருவதில்லை. செல்லூரில் நெய்வோர்க்கும், மேலூர், வாடிப்பட்டிப் பக்கங்களில் பயிரிடுவோர்க்கும் இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வைத்தியச் செலவையும், குழந்தைகளையும் முதியோரையும் பேணும் செலவையும் கடன்படாமல் சமாளிப்பது எங்ஙனம் என்பதே நம்முன் உள்ள வினா.

அமெரிக்காவில் 1978-ஆம் வருஷச் சட்டம் இதற்கு ஒரு வழி வகுத்தது. ஊழியர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை, வரி பிடிக்கப்படுமுன்னே, வைத்தியத்துக்கென்றும் பராமரிப்புக்கென்றும் தனிக் கணக்கில் ஒதுக்கலாம். நூற்றுக்கு 22 வீதம் வருமான வரி செலுத்துபவர் 1,000 டாலர் ஒதுக்கினால், 220 டாலர் வருமான வரி மிச்சமாகும். ஆனால் வருஷ முடிவுக்குள் செலவிடப்படாத தொகையில் பெரும்பகுதி கைவிட்டுப் போகவும் கூடும்.

நம் நாட்டிலும், நிர்வாகம் ஈடு செய்யும் வைத்தியச் செலவில் வருஷத்துக்கு 15,000 ரூபாய் வரை வரிவிலக்கு இருந்தது. 2018-ஆம் வருஷ பட்ஜெட் அதை நீக்கி, பொதுவான கழிவு ஒன்றை ஏற்படுத்தியது.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். வரிச்சலுகை வரி கட்டுபவருக்கே பயன்படும். வரி வரம்புக்கு வெகு கீழே சம்பாதிக்கும் ஏழைத் தொழிலாளிக்கு அதனால் விளையும் லாபம் என்ன? அவருக்கு வேண்டியது விலக்கு அன்று. நிர்வாகத்தின் பங்குப் பணம்.

அந்தப் பங்கை அளிப்பது, 1948-இல் சட்டமாகி 1952-இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளிலும் கடைகளிலும், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு இது உரியது. 2019 முதல் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 0.75, நிர்வாகத்தின் பங்கு 3.25. மாதம் 12,000 ரூபாய் பெறுபவர் 90 ரூபாய் செலுத்த, நிர்வாகம் 390 ரூபாய் சேர்க்கிறது. தொழிலாளிக்கும், அவரைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் சிகிச்சை கிடைக்கிறது. நோயுற்று வேலைக்குச் செல்லாத நாட்களுக்கு, வருஷத்தில் 91 நாள் வரை, ஊதியத்தில் நூற்றுக்கு 70 பங்கு பணமாகவும் வரும்.

ஆயினும் இதற்கு நிபந்தனை உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்தில் 78 நாட்களுக்கேனும் சந்தா சேர்ந்திருந்தால்தான், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்காலப் பணம் கிடைக்கும். மாதம் முடிந்து 15 நாட்களுக்குள் நிர்வாகம் பணம் கட்ட வேண்டும். கணக்கர் பெயரைப் பதியாது விட்டாலோ, நாட்களைக் குறைத்து எழுதினாலோ, இழப்பு நோயாளிக்கே. ஆதலால் தம் பெயரில் பதிவாகும் நாட்களை ஒவ்வொருவரும் கேட்டறிவது கடமை.

வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்யும் அங்கத்தினர் பொதுவாக இத்திட்டத்துள் வருவதில்லை. அவர்களுக்கென 1975-இல் கூட்டுறவு நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் ஏற்பட்டது. கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் சேமிக்க, அரசும் தன் பங்கைச் செலுத்துகிறது. இது சேமிப்பே, சிகிச்சை அன்று. சிகிச்சைக்கு, வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட நெசவாளர், விவசாயிகள் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் இருந்தால் போதும் என்று எண்ணி, நோய் வந்தபின் ஓடுவது அறிவுடைமை ஆகாது. முன்னதாகவே பதிந்து வைத்தல் நலம்.

குழந்தைப் பராமரிப்பே இன்னும் குறையாக நிற்கிறது. 2017-ஆம் வருஷத் திருத்தச் சட்டம் ஐம்பது பேருக்குக் குறையாத ஊழியர் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. நம் சிறு சங்கங்கள் தனித்தனியே அந்த எண்ணிக்கையை எட்டுவது அரிது. அண்டையிலுள்ள இரண்டு மூன்று சங்கங்கள் கூடி ஒரு காப்பகம் நடத்தலாகாதா? தனியொருவரால் ஆகாததைக் கூடிச் செய்வதற்கே சங்கம் கண்டோம். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைப்போமாக!