பூட்டும் உரிமமும்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர்த் தொழிலாளர் பூட்டைச் செய்து விற்கின்றனர். வாங்கியவர் அதனைக் கோயில் உண்டியலில் மாட்டுகிறாரா, அடகுக் கடைப் பெட்டகத்தில் மாட்டுகிறாரா என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்டால் நமக்கு நகைப்பே உண்டாகும். ஆனால் கணிப்பொறிக்குரிய மென்பொருள்களில் இக்கேள்வியைக் கேட்பவை பல உள. அவற்றைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகிறேன்.

மென்பொருளோடு வரும் உரிமத்தை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? சம்மதம் தெரிவித்துவிட்டு அப்பால் செல்கிறோம். கல்விக்கு மட்டும், வணிகத்திற்கு ஆகாது என்னும் நிபந்தனைகள் அதில் இருக்கக்கூடும். காசு வாங்காமல் கொடுத்தவர் இவ்வளவேனும் கேட்கக்கூடாதா என்று தோன்றும். திண்டுக்கல்லில் பயிலும் மாணவி ஒருத்தி அத்தகைய எழுத்துருவைக் கொண்டு தமிழ்ப் பக்கங்களை அமைக்கப் பழகுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்ததும் திருமண அழைப்பிதழ் அச்சிடும் சிறு கடை வைக்கிறாள். முதல் அழைப்பிதழுக்குக் கூலி வாங்கிய அன்றே உரிமம் மீறப்படுகிறது! கைக்குப் பழகிய கருவி பிழைப்புக்கு உதவாமற் போகிறது. அது இலவசமாய் வந்ததுதான், கட்டற்றது அன்று. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் இரு சொற்கள் இருப்பது நமது நற்பேறு.

டெபியன் என்னும் இயங்குதளத்தை உலகெங்குமுள்ள தன்னார்வலர் உருவாக்கி வருகின்றனர். எத்துறையிலும் பயன்படுத்துவதை உரிமம் தடுக்கலாகாது என்பது 1997-இல் அவர்கள் வகுத்த நெறிகளுள் ஒன்று. வணிகத்தையும் மரபணு ஆராய்ச்சியையும் அந்நெறியே எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. அதற்கு இணங்காதவற்றை அவர்கள் தனியே ஒதுக்கிவிடுகின்றனர். நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அன்று என்று டக்ளஸ் க்ராக்ஃபோர்டு என்னும் அமெரிக்கர் எழுதிய உரிமத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. இது விந்தையாகத் தோன்றலாம். ஆயின் நன்மை எது, தீமை எது என்று தீர்ப்பளிப்பவர் யார்? திண்டுக்கல்லின் பழந்தொழில்களுள் ஒன்றாகிய புகையிலை வணிகத்துக்குக் கணக்கு எழுதுவது இவ்விரண்டில் எதில் சேரும்?

அப்படியாயின் கட்டற்ற மென்பொருளுக்கு நிபந்தனையே இல்லையோ எனின், உண்டு. குனூ பொதுமக்கள் உரிமம் பயன்பாட்டில் தலையிடுவதில்லை. ஆனால் மென்பொருளைப் பிறருக்கு வழங்குவோர் அதன் மூல நிரலையும், தாம் பெற்ற உரிமைகளையும் சேர்த்தே வழங்க வேண்டும் என்கிறது. பயன்படுத்துவோர் வேறு, வழங்குவோர் வேறு என்னும் இப்பாகுபாட்டிலேதான் இதன் நுட்பம் முழுவதும் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். நோட்டோ தமிழ் எழுத்துருக்களுக்குரிய திறந்த எழுத்துரு உரிமமும் ஏறக்குறைய இவ்வகையினதே: எழுத்துருவைத் தனியே விற்கலாகாது, அதைக் கொண்டு அழைப்பிதழ் அச்சிட்டுக் கூலி பெறத் தடையில்லை.

டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் பாஸ் என்னும் இயங்குதளத்தை அமைத்தனர். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் இதுவும் இடம்பெற்றது. அத்தகைய மடிக்கணினி ஒன்று உங்கள் இல்லத்தில் இருக்குமாயின், பாஸ் இயங்குதளத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மென்பொருளின் உரிமமும் அதனதன் பெயரால் அமைந்த கோப்புறையில் வைக்கப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், அகராதியை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.