குஞ்சுகளின் கால் வலிமைக்குத் தாது உப்புகள்

கோவை, பல்லடம், நாமக்கல் வட்டாரங்களில் பெரிய பண்ணையாளர்கள் மட்டுமின்றி, தோட்டத்துச் சாளையில் ஐம்பது, நூறு குஞ்சுகள் வளர்க்கும் உழவர்களும் பலர் உள்ளனர். "கம்பும் சோளமும் குறைவில்லாமல் போடுகிறோம், இருந்தும் மூன்றாம் வாரத்தில் குஞ்சுகள் நடக்க முடியாமல் உட்கார்ந்து விடுகின்றன" என்பது இவர்கள் சொல்லும் குறை. நோய்க் கிருமிகளும் இதற்குக் காரணமாகலாம். எனினும் தீவனத்தில் உள்ள தாது உப்புகளையும் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

தானியம் மட்டும் போதாதது ஏன்?

உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 சதம் எலும்பில்தான் இருக்கிறது. ஆனால் மக்காச்சோளம், கம்பு, சோளம் ஆகியவற்றில் கால்சியம் மிகவும் குறைவு. தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் இருந்தாலும், அதில் பெரும்பகுதி 'பைட்டேட்' என்னும் கட்டுண்ட வடிவில் உள்ளது. குஞ்சுகளால் அதை எளிதில் செரித்துப் பயன்படுத்த இயலாது.

எட்டு வாரம் வரையிலான குஞ்சுத் தீவனத்தில் கால்சியம் சுமார் 1 சதமும், பயன்படும் பாஸ்பரஸ் சுமார் 0.45 சதமும் இருக்க வேண்டும். கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி3 தேவை. வெயிலில் மேயும் குஞ்சுகளுக்கு இது உடலிலேயே உண்டாகும். கொட்டகைக்குள்ளேயே வளர்பவற்றுக்குத் தீவனத்தில் சேர்க்க வேண்டும்.

அறிகுறிகள்

கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி3 ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் எலும்பு மென்மையாகும். அலகு ரப்பர் போல வளையும். கால் வளைந்து, குஞ்சு நொண்டும்.

மாங்கனீஸ் குறைந்தால் கணுக்கால் மூட்டு வீங்கி, பின்புறத் தசைநார் இடம் விலகி, கால் பக்கவாட்டில் திரும்பிவிடும். விலகிய தசைநார் பிறகு சீராகாது. ஆகவே வருமுன் காப்பதே வழி.

கலக்கும் அளவு

மக்காச்சோளமும் பிண்ணாக்கும் கொண்ட, மீன் தூள் சேராத 100 கிலோ குஞ்சுத் தீவனத்திற்கு:

டைகால்சியம் பாஸ்பேட் – 1.5 கிலோ
சுண்ணாம்புக்கல் தூள் அல்லது கிளிஞ்சல் தூள் – 1.25 கிலோ
சாப்பாட்டு உப்பு – 300 கிராம்
மாங்கனீசு, துத்தநாகம் அடங்கிய கோழிக்கான நுண் தாதுக் கலவை, வைட்டமின் கலவை – உறையில் குறித்துள்ளபடி

சிறிய அளவுப் பொருள்களை முதலில் ஒரு கிலோ மாவுடன் நன்கு கலந்து, பின்னர் முழுத் தீவனத்தில் சேர்க்கவும். கருவாட்டுத் தூள் சேர்ப்பவர்கள் அதிலுள்ள உப்பைக் கணக்கிட்டு, தனி உப்பைக் குறைக்கவும்.

செய்யக் கூடாதவை

1. முட்டையிடும் கோழிக்கான தீவனத்தைக் குஞ்சுக்குப் போடக் கூடாது. அதில் கால்சியம் 3.5 முதல் 4 சதம் வரை இருக்கும். இதனால் சிறுநீரகம் பழுதாகி, ஈரல், இருதயத்தின் மேல் சுண்ணாம்பு பூசியது போல் வெண்படிவு தோன்றிக் குஞ்சுகள் மடியும். மூட்டை மாறிவிட்டால் இழப்பு பெரிது.

2. வயலுக்கு வாங்கிய ராக் பாஸ்பேட் உரத்தைத் தீவனத்தில் சேர்க்கக் கூடாது. அதிலுள்ள புளோரின் நஞ்சாகும்.

3. 'கூடுதலாகப் போட்டால் கூடுதல் வலிமை' என்று எண்ண வேண்டாம். கால்சியமும் பாஸ்பரசும் மிகுந்தால் மாங்கனீஸ் உடலில் சேராது.

நான்கைந்து குஞ்சுகள் நொண்டுவதைக் கண்டவுடன், தீவன மாதிரியுடனும் நோயுற்ற குஞ்சுடனும் அருகிலுள்ள கால்நடை மருத்துவரை அணுகுங்கள். முதல் எட்டு வாரங்களில் உறுதிப்படும் எலும்பே, பின்னர் எடைக்கும் முட்டைக்கும் அடித்தளம் ஆகும்.