நானும் பிடித்தேன் கிளட்ச்!

"நாற்பத்து நாலு வயதில் மோட்டார் சைக்கிளா? உனக்கு வேறு வேலை இல்லையா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. வேலை இருந்ததால்தான் கற்றுக்கொண்டேன், தோழிகளே. கேளுங்கள் கதையை.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் நாலரைக்கு ஒரு பஸ். அதை விட்டால் நடைதான். 2024 ஜூலையில் மாட்டுக் கொட்டகைக் கூரையைச் சரிபண்ண ஏறிய எங்கள் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து, வலது கணுக்காலை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கோ அந்த மாதம்தான் மாலை ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பித்திருந்தது. அவள் மெயின் ரோட்டில் வந்து இறங்க ஏழு மணி ஆகிவிடும். அதுவரை அவர்தான் பைக்கில் போய் அழைத்து வந்துகொண்டிருந்தார்.

அவர் படுத்த பிறகு நான் டார்ச் லைட்டோடு நடந்து போய் அழைத்து வர ஆரம்பித்தேன். ஒரு நாள் மாவு ஆட்டிக்கொண்டிருந்ததில் கிளம்பத் தாமதமாகிவிட்டது. நான் போய்ச் சேர ஏழே முக்கால். புளிய மரத்தடியில் புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நிற்கிறாள் பெண். எதிர்ப்புறம் இரண்டு வாலிபர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை, அவளைப் பார்க்கக்கூட இல்லையோ என்னவோ! ஆனாலும் அவள் நின்ற கோலம் இருக்கிறதே, அது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் மட்டும், "அம்மா, நான் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகலம்மா" என்றாள்.

அன்று வாசல் பெருக்கும்போது பார்க்கிறேன், வேப்ப மரத்தடியில் தூசி படிந்து நிற்கிறது அவருடைய பைக். "ஏங்க, இதை நான் ஓட்டக் கத்துக்கிட்டா என்னங்க?" என்று கேட்டேன். கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கலாமே என்பீர்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பிறகு வீட்டில் அதற்கு ஏது பணம்? இருக்கிற வண்டியை ஓட்டுவதுதான் வழி.

ஆம்பிளை வண்டி என்பது எனக்குப் புதிதல்ல. 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் அதோடு சேர்த்தார். ஆயிரக்கணக்கில் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். எழுத்தாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. அதனால் ஜென்ட்ஸ் சைக்கிளையே பிடித்தார்கள். அதன் முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால் அதுவே மேல் என்றவர்களும் உண்டு. எங்கள் அம்மாவும் அதில் ஒருத்தி. அந்தக் கம்பியில் துண்டைச் சுற்றி, அதன்மேல் என் தம்பியை உட்காரவைத்து ஓட்டுவாள். பின்னால் கேரியரில் நான்.

முதல் வேலையாக எல்.எல்.ஆர். எடுத்தேன். இதைத் தள்ளிப்போடாதீர்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டோம். எனக்கு நாற்பது தாண்டிவிட்டதால் டாக்டர் சான்றிதழும் கேட்டார்கள். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் ஆனபிறகுதான் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போக முடியும். அதுவரை வண்டியில் சிவப்பு எழுத்தில் எல் போர்டு இருக்க வேண்டும், கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. ஆக, யாருக்காகக் கற்றேனோ அந்தப் பெண்ணையே ஏற்ற முடியாது! அந்த நாட்களெல்லாம் அரை மணி முன்னதாகவே கிளம்பி நடந்தேன். இன்னொன்று, கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுத்தால் கியர் இல்லாததையும் ஓட்டலாம். மாற்றிச் செய்ய முடியாது.

பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுக் களம்தான். வாத்தியார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே பாடம் நடத்தினார். கோழிகளை விரட்டும் பொறுப்பை எங்கள் அத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

முதல் இரண்டு நாள் சாவியே போடவில்லை. இடதுபக்கமாக நின்று வண்டியைத் தள்ளிக்கொண்டு களத்தைச் சுற்றினேன். நூற்றுப்பத்துக் கிலோ கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும் அல்லவா? சென்டர் ஸ்டாண்டு போடுவதற்குள் முதுகு விட்டுப்போயிற்று. பிறகுதான் சூட்சுமம் தெரிந்தது. கையால் தூக்கக்கூடாது. ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொடும்படி வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு, வலது காலை ஸ்டாண்டு மேல் வைத்து, உடம்புக் கனம் முழுவதையும் இறக்கி மிதிக்க வேண்டும். வண்டி தானாக ஏறி உட்காரும்.

நான் ஐந்தடி ஒரு அங்குலம். சீட்டில் நடுவாக உட்கார்ந்தால் இரண்டு காலிலும் நுனிவிரல்தான் தரையில் படுகிறது. கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் இடது பாதம் முழுவதும் ஊன்றும். நிற்கும்போது ஒரு கால் ஊன்றினால் போதும், குள்ளமானவர்கள் பயப்பட வேண்டாம்.

மூன்றாம் நாள்தான் கிளட்ச். அப்பப்பா! மோட்டார் சைக்கிளில் கஷ்டம் என்று ஒன்று உண்டென்றால் அது இடது கையில்தான் இருக்கிறது. எஞ்சின் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒன்றோடொன்று அழுந்தியிருக்கும் தட்டுகள். கிளட்சைப் பிடித்தால் தட்டுகள் விலகி வண்டி சும்மா நிற்கும். விட்டால் ஒட்டிக்கொண்டு வண்டி நகரும். சடாரென்று விட்டால்? ஒன்று எஞ்சின் அணைந்துவிடும், இல்லையென்றால் குதிரை மாதிரி ஒரு துள்ளல். எனக்கு இரண்டும் நடந்தது, ஒரே காலையில் பதினேழு தடவை. மகள் எண்ணிச் சொன்னாள்.

"ஆக்சிலேட்டரைத் தொடாதே. கிளட்சை மட்டும் கொஞ்சங் கொஞ்சமா விடு" என்றார் அவர். அப்படி விட்டுக்கொண்டே வந்தபோது ஓர் இடத்தில் வண்டி லேசாக முன்னால் இழுத்தது. கிணற்றில் குடம் நிறைந்து கயிறு இறுகும்போது கைக்கு ஒரு கனம் தெரியுமே, அதே மாதிரி. அந்த இடத்தில் விரல்களை ஒரு நொடி நிறுத்திவிட்டு, பிறகு மீதியை விட்டேன். வண்டி எறும்பு மாதிரி நகர்ந்தது. அன்று முழுவதும் அது ஒன்றைத்தான் செய்தேன். முறுக்குவது, கியர் மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு இரண்டே நாளில் வந்துவிட்டன. எங்கள் வண்டியில் நாலு கியரும் முன்னால் மிதித்தால் விழும், குதிகாலால் பின்னால் அழுத்தினால் குறையும். எல்லா வண்டியும் இப்படியல்ல, உங்கள் வீட்டு வண்டியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விழவில்லையா என்று கேட்பீர்கள். விழாமலா! ஐந்தாம் நாள் குறுக்கே ஒரு ஆட்டுக்குட்டி ஓடியது. பயத்தில் வலது கை இறுக, ஆக்சிலேட்டர் முறுக்கிக்கொள்ள, நேராக வைக்கோல் போருக்குள் புகுந்தேன்! அத்தை ஓடிவந்து, "ஆத்தா, எந்திரி" என்று கைகொடுத்தார்கள். கட்டிலிலிருந்து அவர், "பயம் வந்தா கிளட்சைப் பிடி! கிளட்சைப் பிடிச்சா வண்டிக்கு உயிர் இல்லை" என்று கத்தினார். அந்த ஒரு வார்த்தையைப் பத்து நாள் முன்னாடி சொல்லியிருக்கலாம் மனுஷன்! பயத்தில் முறுக்கிவிடும் பெண்களுக்கு, என்னைக் கேட்டால், கியர் வண்டியே பத்திரம். இடது கையை மடக்கினால் இழுப்பு நின்றுவிடுகிறதே.

விழுந்த வண்டியைத் தூக்குவதிலும் முறை உண்டு. முதலில் சாவியை அணைக்க வேண்டும். குனிந்து முதுகை வளைத்துத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்துக்கொண்டு, தொடை பலத்தால் பின்னோக்கித் தள்ளி எழ வேண்டும். சைலென்சர் பக்கம் ஜாக்கிரதை. என் கெண்டைக்காலில் பட்டுவிட்டது. உடனே குழாயடியில் இருபது நிமிஷம் தண்ணீர் விட்டேன். பற்பசை, இங்க் எதுவும் தடவாதீர்கள்.

பிரேக் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் சண்டை. "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சிரும்" என்பது அவர் கட்சி. ஆனால் நிறுத்தும்போது கனமெல்லாம் முன்சக்கரத்துக்கு வருவதால், வண்டியை அதிகம் பிடித்து நிறுத்துவது முன் பிரேக்தான். இரண்டையும் சேர்த்து, முன்னதை மெதுவாக அழுத்த வேண்டும். மணலிலும், ஹேண்டில் திரும்பியிருக்கும்போதும் மட்டும் அதை விட்டுவிட வேண்டும். களத்தில் நானே கோடு போட்டு நிறுத்திக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்!

உடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புடவையில் கால் போட்டு உட்கார முடியாது, சுடிதார்தான். துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து. கொண்டையின்மேல் ஹெல்மெட் உட்காராது, தாழ்த்திப் பின்னிக்கொள்ளுங்கள். பூவைப் போய் இறங்கியபின் வைத்துக்கொள்ளலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், தாடைப் பட்டையைப் பூட்டுங்கள். பட்டையை விட்டுவிட்டுப் போடும் ஹெல்மெட் அலங்காரத்துக்குத்தான்.

செப்டம்பரில் டெஸ்ட். கால் ஊன்றாமல் 8 போட வேண்டும். முதல் தடவை தரையில் போட்டிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன், பாதி வளைவில் கால் இறங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்து வரச்சொன்னார்கள். வண்டி கண் பார்க்கும் இடத்துக்குத்தான் போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கு. அடுத்த தடவை கோட்டைப் பார்க்காமல், திரும்பவேண்டிய பக்கம் முகத்தைத் திருப்பினேன். பாதிக் கிளட்சும் பின் பிரேக்குமாக மெல்ல ஓட்டி முடித்தேன்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று ஏழு மணிக்குப் புளிய மரத்தடியில் வண்டியோடு நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் ஹெல்மெட் போட்ட என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டாள். ஹாரன் அடித்ததும்தான் திரும்பினாள். "அம்மா, மெதுவாப் போம்மா" என்று தோளைப் பிடித்தவள், பாதி வழியில் கையை எடுத்துவிட்டு அன்றைய கணக்குப் பரீட்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த வாரம் எங்கள் அம்மா வந்திருந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பெட்ரோல் டாங்கைத் தட்டிப் பார்த்தாள். "எல்லாம் சரிதான்டி, முன்னாடி கம்பி இல்லையே! புள்ளையை எங்க உக்காரவைப்பே?" என்றாள்.